மூச்சு கேட்கும் தூரம்

என் ஆசிரியர் வீட்டு மாடிக்குப் பதினாறு படிகள். புதிதாக ஒருவர் வரும் நாளில், கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டதுமே அவர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். வந்தவர் செருப்பைக் கழற்றச் சுவரைப் பிடிக்கிறாரா, எந்தக் காலை முதலில் தூக்குகிறார், படியேறி முடித்து "வணக்கம் சார்" என்று சொல்லும்போது அந்த இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் வருகிறதா என்றெல்லாம் பார்ப்பார். அறையில் பாயும் விரித்திருக்கும், பக்கத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலியும் இருக்கும். உட்காருங்கள் என்பார்; எதில் என்று சொல்லமாட்டார். வந்தவர் உட்கார்ந்தபிறகுதான் பேச்சே தொடங்கும். நான் அவரிடம் சேர்ந்த முதல் வருடம் இதில் எதுவும் என் கண்ணில் படவில்லை. பாய் விரித்தபிறகு தொடங்குவதுதான் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு யோகம் கற்பிக்கும் இந்த வேலையில் முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. சென்னை மந்தைவெளியில் ஒரு சின்ன அறை. ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு மணி நேரம். கற்பிக்கக் கற்றுக்கொள்ள வருகிற இளையவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அம்மா, முப்பது பேருக்குச் சேர்த்துச் சொல்லித்தரக்கூடியதை ஏன் ஒவ்வொருத்தருக்கா சொல்லணும்?" முப்பது பேர் இருக்கும் கூடத்தில் உருவம் தெரியும். கை எங்கே இருக்கிறது, கால் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். மூச்சு மட்டும் கேட்காது. அது கேட்கிற தூரத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை தனிவகுப்பு என்பது அந்தத் தூரம்தான்.

எங்கள் வழி யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் பிள்ளைகளைக் கூட்டமாக நிறுத்திப் பயிற்றுவித்தவர்தான் அவர். பிறகு சென்னைக்கு வந்து, 1989-ல் நூறு வயது கடந்து மறையும்வரை, தேடி வந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கியபோதும் அதே முறையைத்தான் வைத்துக்கொண்டார். பின்னாளில் யோக ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி மூவரும் கிருஷ்ணமாச்சாரியார் என்ற அந்த ஒரே ஆசிரியரிடம் கற்றவர்கள். மூவர் கற்பித்ததும் மூன்று மாதிரி. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வாங்கியவர்கள் வேறு வேறு ஆட்கள்.

முதல் நாள் நான் பெரிதாக எதையும் செய்யச் சொல்வதில்லை. மல்லாந்து படுக்கச் சொல்வேன். மூச்சை உள்ளே இழுத்தபடி இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், மூச்சை விட்டபடி திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆறு முறை. இதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கை மூன்று வினாடியில் தரையைத் தொட்டுவிடும். மூச்சு இன்னும் வந்துகொண்டிருக்கும். சிலருக்கு மூச்சு பாதியிலேயே தீர்ந்துபோகும், கை மட்டும் போகும். சிலர் மூச்சே விடாமல் ஆறையும் முடித்துவிடுவார்கள். "மூச்சு உறை மாதிரி, அசைவு அதுக்குள்ள அடங்கணும்" என்பார் ஆசிரியர். மூச்சு ஒரு கணம் முன்னால் தொடங்க வேண்டும், அசைவு நின்றபிறகு ஒரு கணம் கழித்து முடிய வேண்டும். கேட்க எளிது. எனக்கு இது உடம்பில் இறங்க இரண்டு வருடம் ஆயிற்று.

ஐம்பத்து நாலு வயதில் ஒரு அம்மா வந்தார். பக்கத்தில் ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்து, மூன்று வாரத்தில் நின்றுவிட்டிருந்தார். "எல்லாரும் எழுந்து நிக்கறப்போ நான் இன்னும் உக்காந்துண்டு இருப்பேன், வெக்கமா இருந்தது" என்றார். அவர் முழங்காலுக்குத் தரை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார வைத்தேன். மூச்சை விட்டபடி முன்னால் குனிந்து கையைக் கணுக்கால்வரை கொண்டுபோகவும், மூச்சை இழுத்தபடி நிமிரவும் சொன்னேன். குனியும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கினார். வீட்டில் வாளி தூக்கும்போதும், அரிசி மூட்டையை நகர்த்தும்போதும் அப்படியே அடக்குவார் என்று பேசும்போது தெரிந்தது. முப்பது வருடப் பழக்கம். ஒரு மாதம் நாங்கள் வேறு எதுவும் செய்யவில்லை. குனியும்போது மெல்ல "ஆ" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். சத்தம் வந்தால் மூச்சு வெளியே போகிறது என்று அர்த்தம்; அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். எட்டுப் பத்துப் பேர் இருக்கும் அறையில் அந்த அம்மா வாய்திறந்து சத்தம் போட்டிருப்பாரா?

அவரிடம் நான் செய்த தவறு வேறு. முதல் தாளில் முப்பத்தைந்து நிமிடப் பயிற்சி எழுதிக் கொடுத்தேன். நல்ல பயிற்சிதான், வரிசையும் சரிதான். இரண்டு வாரம் கழித்து வந்தபோது ஒரு நாள்கூடச் செய்யவில்லை. கேட்டால் அழுகிறார். ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "அவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் இருக்குன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. காலையில் மாமியாருக்குக் காப்பி கொடுப்பதற்கும் பேரன் எழுந்திருப்பதற்கும் நடுவில் அவருக்கு இருந்தது பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நான்கு அசைவு, ஐந்து நிமிட மூச்சு. ஏழு வருடம் வந்தார். பயிற்சி விட்டுப்போன நாட்கள் மிகக் குறைவு. தையற்காரர் துணியை அளப்பதுபோல நாம் நேரத்தையும் அளக்க வேண்டும். வகுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மீதி ஆறு நாளும் அவர் தனியாக, நம் கண் படாமல் என்ன செய்கிறார் என்பதற்காகத்தான் அந்த ஒரு மணி நேரம்.

தாள் என்று சொன்னேன். அது எங்கள் தொழிலின் முக்கியமான சாமான். கோடு போடாத வெள்ளைத் தாள், 2பி பென்சில், நல்ல அழிப்பான். மனித உருவத்தைக் கோட்டால் வரைவோம். முதலில் முதுகெலும்பு, பிறகு தலைக்கு ஒரு வட்டம், கடைசியில்தான் கைகால். முதுகு எந்தப் பக்கம் வளைகிறது என்பது ஒரே கோட்டில் விழ வேண்டும். அதைத் திருத்தித் திருத்தி வரைந்தால் மாணவர் குழம்பிப்போவார். அம்புக்குறிக்குப் பக்கத்தில் "உ" என்றால் உள்மூச்சு, "வெ" என்றால் வெளிமூச்சு. கீழே எத்தனை முறை என்ற எண். பேனாவால் எழுதக்கூடாது. மாணவர் நம் முன்னால் ஒருமுறை செய்து காட்டும்போது எண் மாறும். ஆறு என்று எழுதியது நாலாகும். அழித்து எழுதிய தடம் தாளில் தெரிந்தால் நல்லது, தன்னைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று அவருக்கு நம்பிக்கை வரும். இப்போது கைப்பேசியில் அழகான படங்கள் கிடைக்கின்றன. நான் பயன்படுத்துவதில்லை. அந்தப் படத்தில் இருப்பவருக்கு இருபது வயது, இடுப்பு இவருடைய இடுப்பு இல்லை.

பேசுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நான் "இப்போது மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும்..." என்று நீளமாகச் சொல்வேன். மாணவர் மூச்சை நிறுத்திக்கொண்டு என் வாக்கியம் முடியக் காத்திருப்பார். நான்தான் அவர் மூச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து நாலு நாள் கேட்டுவிட்டு, ஐந்தாம் நாள் சொன்னார்: "அவர் மூச்சு விடறபோது நீ பேசு. இழுக்க ஆரம்பிச்சா வாயை மூடு." அடுத்த அசைவுக்கான சொல், முந்தைய வெளிமூச்சு முடிவதற்குள் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அதற்கு அவர் மூச்சு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் இது நடக்காது. முப்பது பேருக்கு முப்பது மூச்சு. ஆசிரியர் எண்ணும் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு எல்லாரும் தங்களை இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

இரண்டு மூன்று வருடம் பயின்றுவிட்டு வருகிறவர்களிடம்தான் அதிகப் பொறுமை வேண்டும். அவர்களுக்கு உருவம் வந்துவிட்டது. உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனத்தில் கால் கட்டைவிரலைப் பிடித்துவிடுவார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் இடுப்பு அசைந்தே இருக்காது. மேல்முதுகைக் கூன்போட்டுத்தான் கை போயிருக்கும். அப்படி வருடக்கணக்கில் செய்துவந்த ஒருவருக்கு இடது காலில் மின்சாரம் ஓடுவதுபோல வலி வந்து, டாக்டர் பார்த்து, அந்தச் சீட்டோடு என்னிடம் வந்தார். முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு அது தோல்வி மாதிரி இருந்தது. "மடக்காம செய்யறதுக்கு ரெண்டு வருஷம் பாடுபட்டேன் மேடம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அவர் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு விரலை வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வைத்தேன். "இந்த இடத்துக்கு மூச்சை அனுப்புங்க." நாலாவது மூச்சில் அந்த இடம் நகர்ந்தது. அதன்பிறகு விரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

தொடுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் யாரையும் பிடித்து அழுத்தி நான் பார்த்ததில்லை. அவர் கை ஒரு விரல்தான், அதுவும் கேட்டுவிட்டுத்தான். நான் அழுத்தியிருக்கிறேன். தொடக்க காலத்தில், பத்மாசனம் வரவில்லையே என்று ஏங்கிய ஒரு கல்லூரிப் பெண்ணின் முழங்காலைத் தரையை நோக்கி அழுத்தினேன். உள்பக்கம் ஒரு சொடுக்கு. மூன்று மாதம் அவள் படியிறங்கக் கஷ்டப்பட்டாள். தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தியிருக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எத்தனை வருடம் பயின்றாலும் அந்தத் திருப்பம் கிடைக்காது. இடுப்பு திரும்பாதபோது நாம் அழுத்தினால் முழங்கால்தான் அந்த விலையைக் கொடுக்கும். இது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் ஒரு பெண்ணின் வலியைக் கொண்டு கற்றுக்கொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் ஒருவர் முழங்காலுக்குப் பக்கத்தில் என் கை போனால் தானாக நின்றுவிடுகிறது.

சிரசாசனம் கேட்டு வருகிறவர்கள் நிறைய. ஐடி கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தம்பி, இருபத்தாறு வயது, நல்ல உடல்வாகு, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது மாதம் கொடுத்தேன். சுவரோரம் மடித்த ஜமக்காளத்தில், நன்றாகவே நின்றார். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில் கழுத்தில் பிடிப்பு, கை மரத்தல். முதல் நாளே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: நாளெல்லாம் திரை முன்னால் உட்கார்வதால் சாயங்காலம் கழுத்து இறுகிப்போகிறது என்று. நான் அதைக் கேட்டேன், நோட்டில் எழுதவில்லை. ஆசிரியர் என் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "அவன் கேட்டதைக் கொடுத்திருக்கே. அவன் கழுத்து என்ன கேட்டதுன்னு இதுல இல்லையே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் முதல் பக்கத்தில், அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்கிறேன். ரத்தக் கொதிப்பு, கண்நீர் அழுத்த நோய், எலும்புத் தேய்வு, குடலிறக்கம் இவற்றை நாமாகத்தான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பலர் தாமாகச் சொல்லமாட்டார்கள். கண்ணில் அழுத்தம் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தினால் அந்த அழுத்தம் கூடும். எலும்பு தேய்ந்தவரை ஆழமாகக் குனிய வைத்தால் முதுகெலும்பில் விரிசல் விழலாம்.

மூச்சுப் பயிற்சியிலும் இதே கதை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தமிழில் ஊறியவர், திருமந்திரத்தில் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டு தானே தொடங்கிவிட்டார். உள்ளே இழுக்கும் பூரகம் பதினாறு, உள்ளே நிறுத்தும் கும்பகம் அறுபத்து நான்கு, வெளியே விடும் ரேசகம் முப்பத்திரண்டு. பத்தே நாளில் படபடப்பு, தூக்கமின்மை. மாத்திரை எடுத்துக்கொள்ளும் ரத்தக் கொதிப்புக்காரர். கணக்கில் பிழை இல்லை. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது, எங்கே தொடங்க வேண்டும் என்று அல்ல. அவர் இயல்பான மூச்சை எண்ணிப் பார்த்தேன். உள்ளே மூன்று, வெளியே மூன்று. கும்பகத்தை முழுதும் எடுத்துவிட்டேன். உள்ளே நான்கு, வெளியே ஆறு, தொண்டையில் மெல்லிய உரசலோடு உஜ்ஜாயி. அந்த உரசல் சீராக இருக்கிறதா, கடைசியில் தட்டுத்தடுமாறுகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. தடுமாறினால் எண்ணைக் குறைப்பேன். நான்குக்கு எட்டு என்று வர அவருக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. திருமூலரைக் குறைத்துவிட்டதாக அவருக்கு முதலில் வருத்தம் இருந்தது. பிறகு அந்த நான்குக்கு எட்டில் உட்கார்ந்து அவர் கண்மூடியிருக்கும் முகத்தைப் பார்க்க நானே காத்திருப்பேன்.

மிகவும் தேர்ந்தவர்களுக்குத் தனிவகுப்பு எதற்கு என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. இருபது வருடமாகப் பிறருக்குக் கற்பிக்கும் ஒருவர் வந்தார். அவர் உடம்பால் முடியாத ஆசனம் என்று எதையும் நான் பார்க்கவில்லை. நானும் அவரிடம், மல்லாந்து படுத்துக் கையைத் தூக்குங்கள் என்றேன். கை முந்தியது, மூச்சு பிந்தியது. திரும்பச் சொன்னேன். மூன்றாம் முறை அவருக்கே கேட்டுவிட்டது, எழுந்து உட்கார்ந்துகொண்டார். இருபது வருடமாக அவர் மற்றவர்களுக்குச் செய்துகாட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். பேசிக்கொண்டே செய்கிறவருக்குத் தன் மூச்சு எங்கே கேட்கும்? அவரைக் கேட்கவும் ஒருவர் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை இன்னும் வருகிறார். நானும் ஆசிரியர் இருந்தவரை அவரிடம் மாதம் ஒருமுறை போய்ப் படுத்துக் கையைத் தூக்கியிருக்கிறேன்.

எல்லாருக்கும் தனிவகுப்பு வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளுக்கு வேண்டாம். அவர்கள் சேர்ந்து குதிக்கட்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் தாவட்டும். வளரும் உடம்புக்கு அசைவுதான் முதலில், வளரும் வயதுக்கென்று பெரியவர்கள் வகுத்த சிருஷ்டி கிரமம் என்ற பயிற்சி முறையும் அதுதான். எட்டு வயதுப் பிள்ளையை என் முன்னால் தனியாக உட்கார வைத்து மூச்சை எண்ணச் சொல்வது கொடுமை. தனிமையில் வாடுகிற சில முதியவர்களுக்கும் கூட்டு வகுப்பே மருந்து. செலவும் ஒரு விஷயம். மாதத்துக்கு ஒரு வகுப்பு, கையில் ஒரு தாள், மீதி நாள் வீட்டில் என்றால் பலருக்கும் கட்டுப்படியாகும். வாரம் மூன்று நாள் வரச்சொல்லி அவர்களை நம்மைச் சார்ந்தவர்களாக்கிவிடக்கூடாது.

2020-க்குப் பிறகு திரை வழியாகவும் வகுப்பு எடுக்கிறேன். அதில் ஒரு சங்கடம். பின்னணி இரைச்சலைக் குறைக்கக் காணொளிச் செயலியில் ஒரு வசதி இருக்கிறது. அது மூச்சையும் இரைச்சலாக எடுத்துக்கொண்டு அழித்துவிடும். முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்வேன். கேமராவை முகத்துக்கு நேரே வைக்காமல் தரைமட்டத்தில், பக்கவாட்டில் வைக்கச் சொல்வேன். விலாவும் வயிறும் தெரிய வேண்டும். ஓரளவு கேட்கிறது. அறையில் கேட்பதுபோல் இல்லை.

போன வருடம் ஒரு பெண்மணி வந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ஆறு மாதம் என்னிடம் பயின்றுவிட்டுக் கணவரின் வேலை மாற்றத்தால் திருநெல்வேலிக்குப் போனவர். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான் வரைந்ததுதான். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். "அப்படியேதான் பண்ணிண்டிருக்கேன், ஒரு நாளும் விடலை" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணமே சுருங்கியது. அந்தத் தாள் நாற்பத்து மூன்று வயது உடம்புக்கு வரைந்தது. இடையில் அவருக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது, ஒரு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, தாயார் தவறிவிட்டார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் த்விபாத பீடத்துக்கு எதிரே நான் எழுதிய பன்னிரண்டு முறையை இடுப்பு வலியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, தினமும் செய்திருக்கிறார். எண் பன்னிரண்டு என்று இருக்கிறதே, குறைக்கலாமா என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை. எப்போது திரும்பிக் காட்ட வேண்டும் என்று நான் அந்தத் தாளில் எழுதவும் இல்லை.

படுக்கச் சொன்னேன். உள்மூச்சோடு கையைத் தூக்கினார். உறைக்குள் கத்தி போவதுபோல இருந்தது. ஒன்பது வருடம் வீணாகவில்லை. புதிய தாளில் எழுதினேன்: முழங்காலை மார்புக்குக் கொண்டுவரும் அபானாசனம் ஆறு, த்விபாத பீடம் நாலு, நாற்காலியில் குனிவது நாலு. பிறகு பக்கவாட்டில் ஒன்று, மூச்சுக்கு ஐந்து நிமிடம். செய்துபார்த்ததில் பீடத்தின் நாலை அழித்து மூன்றாக்கினேன். பழைய தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்; அவர் கொடுக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதிய தாளின் மூலையில் அன்றைய தேதியை எழுதி, அதற்குக் கீழே மூன்று மாதம் தள்ளி இன்னொரு தேதியையும் எழுதிக் கொடுத்தேன்.